சில்லறைக் காசால் ஒரு நகரை மாற்றியவர்

1723-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

அமெரிக்காவில், டெலவேர் ஆற்றங்கரையில் இருக்கும் பிலடெல்பியா நகரில் ஒரு படகு வந்து நின்றது. அதிலிருந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறங்கினான்.

உடையெல்லாம் அழுக்கு. மாற்றுச் சட்டையையும் காலுறைகளையும் பைகளில் திணித்து வைத்திருந்தான். பசி காதை அடைத்தது. கையில் இருந்த பணம் ஒரே ஒரு டாலரும், கொஞ்சம் செப்புக் காசும்தான்.

செப்புக் காசைப் படகுக்காரர்களிடம் கூலியாகக் கொடுத்தான். அவர்கள் வாங்க மறுத்தார்கள். காற்று இல்லாததால் வழியில் அவனும் துடுப்புப் போட்டிருந்தான். ஆனாலும் அவன் விடவில்லை. வற்புறுத்திக் கொடுத்துவிட்டுத்தான் கரையேறினான்.

ரொட்டிக் கடைக்குப் போய் மூன்று பென்னிக்கு ரொட்டி கேட்டான். அந்த ஊரில் ரொட்டி மலிவு. மூன்று பெரிய ரொட்டிகள் கிடைத்தன! இரண்டு கக்கத்திலும் இரண்டு ரொட்டியை இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைத் தின்றபடியே தெருவில் நடந்தான்.

ஒரு வீட்டு வாசலில் டெபோரா என்ற பெண் நின்றுகொண்டிருந்தாள். இந்தக் கோலத்தைப் பார்த்து அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

ஒரு ரொட்டியிலேயே வயிறு நிரம்பிவிட்டது. மற்ற இரண்டையும், தன்னோடு படகில் வந்த ஒரு பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் கொடுத்துவிட்டான்.

அந்தப் பையன்தான் பெஞ்சமின் பிராங்க்ளின். வாசலில் நின்ற டெபோரா, பின்னாளில் அவருடைய மனைவி ஆனாள். அவர் தின்றுகொண்டே நடந்த அந்தத் தெருக்கள், பின்னாளில் அவருடைய முயற்சியால் கல் பாவப்பட்டன, விளக்கு ஏற்றப்பட்டன.

ஓடி வந்த பையன்

பிராங்க்ளின் 1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்பவர். அவருக்கு இரண்டு மனைவியர் மூலம் மொத்தம் 17 குழந்தைகள். அதில் பெஞ்சமின் 15-வது பிள்ளை.

அத்தனை பெரிய குடும்பத்தில் படிப்புக்குப் பணம் ஏது? பள்ளிக்கூடம் போனது சுமார் இரண்டு ஆண்டுகள்தான். 12 வயதில் அண்ணன் ஜேம்சின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். அண்ணன் கைநீட்டி அடிப்பவர். பொறுத்துப் பார்த்த தம்பி, கையில் இருந்த புத்தகங்களில் சிலவற்றை விற்றுக் கப்பல் கூலி சேர்த்துக்கொண்டு ஊரை விட்டே ஓடிவிட்டார்.

பிலடெல்பியாவில் அச்சுக்கூட வேலை கிடைத்தது. நடுவில் லண்டன் போய் சுமார் ஒன்றரை ஆண்டுகள் அதே வேலை செய்துவிட்டு, 1726-ல் திரும்பினார். 1728-ல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சொந்த அச்சுக்கூடம் தொடங்கினார்.

முதலில் பெரும் சங்கடம். கூட்டாளி குடிகாரர். கூட்டாளியின் தந்தை தருவதாகச் சொன்ன பணத்தில் பாதி வரவில்லை. கடன்காரர் வழக்குப் போட்டார். அச்சு எந்திரமே ஏலத்துக்குப் போகும் நிலை!

அந்த நேரத்தில் நண்பர்கள் இருவர் அவரைத் தேடி வந்தார்கள். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. இருவருமே, வேண்டிய பணத்தைத் தாம் தருவதாகச் சொன்னார்கள். பிராங்க்ளின் இருவரிடமும் பாதிப் பாதி வாங்கிக் கடனை அடைத்தார். அந்த உதவியை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

அதன்பின் ஓயாத உழைப்பு. கடையில் வாங்கிய காகிதத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாமே தெருவழியே தள்ளிக்கொண்டு வருவார். முதலாளி ஆனபின்பும் அதற்கு அவர் வெட்கப்படவில்லை. 1730-ல் டெபோராவோடு குடித்தனம் தொடங்கினார். டெபோரா கடையைப் பார்த்துக்கொண்டாள். சிறு புத்தகங்களை மடித்துத் தைத்தாள். காகிதம் செய்வதற்கான பழந்துணிகளை வாங்கிச் சேர்த்தாள்.

"பென்சில்வேனியா கெஜட்" என்ற பத்திரிகையை 1729-ல் விலைக்கு வாங்கி நடத்தினார். "ஏழை ரிச்சர்ட்" என்ற பெயரில் 1732 முதல் பஞ்சாங்கம் போட்டார். ஆண்டுக்கு சுமார் பத்தாயிரம் பிரதிகள் விற்றன. 42 வயதில், தொழிலைக் கூட்டாளி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெறும் அளவுக்குச் செல்வந்தர் ஆகிவிட்டார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

பணம் சேர்த்தவர்கள் உலகில் எத்தனையோ பேர். பிராங்க்ளினை உலகம் நினைப்பது அதற்காக அல்ல.

அப்போது அமெரிக்கா சுதந்திர நாடு அல்ல. இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தது. பிலடெல்பியா நகரத்துக்கு 1682-ல் அடிகோலியவர் வில்லியம் பென். தெருக்களை நேர்நேராக, கோடு போட்டதுபோல் அமைத்திருந்தார். தெரு நேராக இருந்தது. ஆனால் மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. இரவில் இருட்டு. தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை. நோய் வந்தால் ஏழைக்கு ஆஸ்பத்திரி இல்லை.

இதையெல்லாம் யார் செய்வது? அரசாங்கம் செய்யட்டும் என்று சிலர் சும்மா இருந்தார்கள். பணக்காரர்கள் செய்யட்டும் என்று சிலர் சும்மா இருந்தார்கள்.

பிராங்க்ளின் வேறு வழி கண்டுபிடித்தார்.

1727-ல், 21 வயதில், 12 பேர் கொண்ட ஒரு சங்கத்தை அவர் தொடங்கியிருந்தார். கண்ணாடி பதிப்பவர், செருப்புத் தைப்பவர், தச்சர், கடைக் கணக்கர் என்று பெரும்பாலும் உழைப்பாளிகள். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடுவார்கள். ஊருக்கு என்ன குறை, அதை எப்படித் தீர்க்கலாம் என்று பேசுவார்கள்.

முதலில் தீர்ந்தது புத்தகப் பஞ்சம். நல்ல புத்தகம் வேண்டுமென்றால் கடல் கடந்து லண்டனிலிருந்து வரவழைக்க வேண்டிய காலம் அது. ஒருவரால் பத்துப் புத்தகம் வாங்க முடியாது. ஐம்பது பேர் சேர்ந்தால்?

1731-ல் ஐம்பது பேர் சேர்ந்தார்கள். முதலில் ஆளுக்கு 40 ஷில்லிங். பிறகு ஆண்டுக்கு 10 ஷில்லிங். லண்டனிலிருந்து புத்தகங்கள் வந்தன. ஒருவர் கொடுத்த காசுக்கு ஐம்பது பேர் வாங்கிய புத்தகங்களும் படிக்கக் கிடைத்தன! அந்த நூலகம் இன்றும் பிலடெல்பியாவில் இருக்கிறது.

இந்த வேலையில் பிராங்க்ளின் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். "இது என் யோசனை" என்று சொல்லிக்கொண்டு போனால், மக்கள் தயங்குகிறார்கள். இவன் பெயர் வாங்க நாம் பணம் தருவதா என்று நினைக்கிறார்கள். "நண்பர்கள் சிலர் சேர்ந்து செய்யும் ஏற்பாடு" என்று சொன்னால், மகிழ்ச்சியோடு தருகிறார்கள்.

அன்று முதல் தம் பெயரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். காரியம் முன்னால் நடந்தது.

தோல் வாளிப் படை

அந்தக் காலத்தில் வீடுகளுக்குள் கணப்பு அடுப்பு எரியும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நெருப்பு வேண்டுமென்றால், கரண்டி போன்ற திறந்த தட்டில் தணலை அள்ளிக்கொண்டு போவார்கள். படிக்கட்டில் ஒரு தணல் விழுந்தால் போதும். நள்ளிரவில் வீடே பற்றி எரியும்.

1730-ல் ஆற்றங்கரையில் ஒரு பெரும் தீ மூண்டு கடைகளையும் சரக்குகளையும் அழித்தது. நல்ல வேளையாக அன்று காற்று வீசவில்லை.

1735-ல் பிராங்க்ளின் தம் பத்திரிகையில், யாரோ ஒரு வயோதிகர் எழுதியதுபோல் ஒரு கடிதம் வெளியிட்டார். தணலை மூடிய பாத்திரத்தில்தான் கொண்டுபோக வேண்டும், புகைபோக்கியை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும், தீயணைக்கப் பழகிய ஒரு சங்கம் ஊருக்கு வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

1736-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி அந்தச் சங்கம் உருவாயிற்று. உறுப்பினர் 30 பேர். ஒவ்வொருவர் வீட்டிலும் தோல் வாளிகள் தயாராக இருக்க வேண்டும். எரியும் வீட்டிலிருந்து சாமான்களைக் காப்பாற்றி எடுத்து வரப் பைகளும் கூடைகளும் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூட்டம். வராதவருக்கு அபராதம். அபராதப் பணத்தில் ஏணியும், தீயணைக்கும் எந்திரமும் வாங்கினார்கள்!

சேர விரும்பியவர்கள் பலர். அவர்களை இன்னொரு சங்கம் அமைக்கச் சொன்னார்கள். இப்படிச் சங்கத்துக்குப் பின் சங்கம் தோன்றியது.

1752-ல், தீயில் வீட்டை இழந்தவருக்கு நஷ்ட ஈடு தரும் நிதிச் சங்கத்தை அமைப்பதிலும் பிராங்க்ளின் முன்நின்றார். பலரும் சிறுசிறு தொகை போடுவார்கள். வீடு எரிந்தவருக்கு அதிலிருந்து கொடுப்பார்கள். ஒன்றையொன்று பற்றிய நான்கு கைகள்தான் அதன் சின்னம். அந்தச் சங்கமும் இன்றுவரை நடந்துவருகிறது.

மகனைப் பறித்த அம்மை

தீயணைப்புச் சங்கம் தொடங்கிய அந்த டிசம்பரில், பிராங்க்ளின் வீடு துக்க வீடாக இருந்தது.

அதற்கு 16 நாட்களுக்கு முன்புதான், நவம்பர் 21-ந் தேதி, அவருடைய நான்கு வயது மகன் பிரான்சிஸ் பெரியம்மை கண்டு இறந்திருந்தான்.

இன்று நாம் அறிந்த அம்மைத் தடுப்பூசி அன்று இல்லை. அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சிறிது எடுத்து, மற்றவர் தோலைக் கீறி வைப்பார்கள். அவருக்கு லேசாக அம்மை போட்டு ஆறிவிடும். பிறகு பெரியம்மை அண்டாது. இதில் சிறிது ஆபத்தும் உண்டு. ஆகவே ஊர் இரண்டுபட்டிருந்தது. பிராங்க்ளின் இந்த முறையை ஆதரித்தவர்.

மகன் இறந்ததும் ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது. அம்மை வைத்துக்கொண்டதால்தான் பிள்ளை செத்தான் என்றார்கள்.

உண்மை அதற்கு நேர்மாறானது. பையனுக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. உடம்பு தேறியதும் அம்மை வைக்கலாம் என்று தந்தை காத்திருந்தார். அதற்குள் நோய் முந்திக்கொண்டது.

பிள்ளையை இழந்த தந்தை வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் இந்தப் பொய்யை நம்பி மற்றவர்கள் தங்கள் குழந்தைகளைப் பலி கொடுத்துவிடக் கூடாதே! டிசம்பர் மாதம் முடிவதற்குள் தம் பத்திரிகையிலேயே நடந்ததை வெளியிட்டார். என் மகனுக்கு அம்மை வைக்கப்படவில்லை என்று ஊரறியச் சொன்னார்.

பல ஆண்டுகளுக்குப் பின், தம் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போதும் அந்தத் துயரம் ஆறவில்லை. அம்மை வைக்கத் தவறியதற்காக இன்னும் வருந்துவதாக எழுதி, மற்றப் பெற்றோரை எச்சரித்தார்.

இரண்டாயிரம் பவுண்டு தந்திரம்

1751-ல் டாக்டர் தாமஸ் பாண்ட் என்பவர், ஏழை நோயாளிகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி கட்ட விரும்பினார். பணம் கேட்டு வீடு வீடாகப் போனார். போன இடமெல்லாம் ஒரே கேள்விதான். பிராங்க்ளினைக் கலந்துகொண்டீர்களா, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள்!

டாக்டர் பிராங்க்ளினிடம் வந்தார். பிராங்க்ளின் பத்திரிகையில் எழுதினார். பணம் வந்தது, போதவில்லை. சட்டசபையிடம் உதவி கேட்டார். கிராமப்புற உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். ஆஸ்பத்திரி பட்டணத்தாருக்குத்தானே பயன்படும் என்றார்கள். பட்டணத்தாரே அதை விரும்புகிறார்களா என்றும் சந்தேகப்பட்டார்கள்.

பிராங்க்ளின் ஒரு மசோதா கொண்டுவந்தார். பொதுமக்கள் முதலில் 2,000 பவுண்டு திரட்ட வேண்டும். திரட்டிக் காட்டினால், சட்டசபை 2,000 பவுண்டு தர வேண்டும்.

எதிர்த்தவர்களும் சம்மதித்தார்கள். மக்களாவது, 2,000 பவுண்டு திரட்டுவதாவது! ஒரு காசு செலவில்லாமல் தர்மவான் என்ற பெயர் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு.

பிராங்க்ளின் மக்களிடம் போனார். நீங்கள் ஒரு பவுண்டு கொடுத்தால் அது இரண்டு பவுண்டு ஆகும் என்றார். ஒவ்வொருவர் கொடையும் இரட்டித்தது. 2,000 பவுண்டுக்கு மேலேயே சேர்ந்துவிட்டது! சட்டசபை பணத்தைக் கொடுத்தே தீர வேண்டியதாயிற்று.

1755-ல் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பென்சில்வேனியா ஆஸ்பத்திரி என்ற அந்த ஆஸ்பத்திரி இன்றும் நோயாளிகளைக் கவனித்து வருகிறது. தம் வாழ்நாளில் செய்த தந்திரங்களில் இதைப்போல் மனதுக்கு நிறைவு தந்தது வேறில்லை என்று பிராங்க்ளின் பிற்காலத்தில் எழுதினார்.

1749-ல் அவர் எழுதிய சிறு பிரசுரத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடம் பிறந்தது. அது 1751-ல் திறக்கப்பட்டது. அதுவே வளர்ந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஆயிற்று.

துடைப்பமும் விளக்கும்

பெரிய காரியங்களைப் போலவே சிறிய காரியங்களையும் அவர் கவனித்தார்.

அவர் வீட்டுக்கு அருகே இருந்த சந்தை சேறாய்க் கிடந்தது. மக்கள் சேற்றில் நின்று காய்கறி வாங்கினார்கள். பேசியும் எழுதியும் அங்கே கல் பாவ வைத்தார். ஆனால் சுற்றுத் தெருக்களிலிருந்து வரும் வண்டிச் சக்கரங்கள் கல்லின் மேலும் சேற்றை உதறிவிட்டுப் போயின.

பிராங்க்ளின் ஓர் ஏழை உழைப்பாளியைத் தேடிப் பிடித்தார். வாரம் இருமுறை எல்லா வீட்டு வாசலையும் பெருக்கிச் சேற்றை அள்ளிக்கொண்டு போவதற்கு, வீட்டுக்கு மாதம் ஆறு பென்னி கூலி. வாசல் சுத்தமாக இருந்தால் வீட்டுக்குள் சேறு வராது, கடைக்குள் புழுதி வராது, வாடிக்கைக்காரர்களும் தாராளமாக வருவார்கள் என்று அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார். ஓரிரு நாட்களில் போய்க் கேட்டபோது அத்தனை பேரும் சம்மதித்தார்கள்.

சந்தைத் தெருவின் சுத்தத்தைப் பார்த்த மற்றத் தெருக்காரர்கள், எங்கள் தெருவுக்கும் கல் பாவுங்கள், வரி கொடுக்கத் தயார் என்றார்கள். வரி என்றால் ஓடுகிறவர்களே வரி தர முன்வந்தார்கள்!

தெரு விளக்கின் கதையும் அதுதான். ஜான் கிளிப்டன் என்ற நகரவாசி தம் வீட்டு வாசலில் ஒரு விளக்கு வைத்தார். அதைப் பார்த்துத்தான் ஊருக்கே விளக்கு வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது என்று பிராங்க்ளின் எழுதியிருக்கிறார். அந்தப் பெருமையை அவருக்கே கொடுத்துவிட்டு, விளக்கின் வடிவத்தை மட்டுமே தாம் மாற்றியதாகச் சொன்னார்.

லண்டனிலிருந்து வந்த விளக்குகள் உருண்டைக் கண்ணாடியால் ஆனவை. அடியில் காற்று நுழைய வழி இல்லை. புகை உள்ளேயே சுற்றும். சில மணி நேரத்தில் கண்ணாடி கறுத்துவிடும். தட்டினால் முழுக் கண்ணாடியும் போய்விடும். பிராங்க்ளின் நான்கு தட்டைக் கண்ணாடிகளைச் சேர்த்து விளக்கு செய்யச் சொன்னார். மேலே புகை போக நீண்ட குழாய். கீழே காற்று வர இடுக்கு. விடியும்வரை வெளிச்சம் மங்கவில்லை. ஒரு கண்ணாடி உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

இரவுக் காவல் முறையில் இருந்த அநியாயத்தையும் அவர் எடுத்துக்காட்டினார். காவலுக்காக ஆண்டுக்கு ஆறு ஷில்லிங் வசூலித்தார்கள். ஐம்பது பவுண்டு சொத்துகூட இல்லாத ஏழை விதவைக்கும் ஆறு ஷில்லிங். கிடங்கு நிறையச் சரக்கு வைத்திருக்கும் பெரிய வியாபாரிக்கும் ஆறு ஷில்லிங்! சொத்துக்கு ஏற்ப வரி போட வேண்டும், அதில் ஒழுங்கான காவலர்களை நியமிக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். சில ஆண்டுகளில் அதற்குச் சட்டம் வந்தது.

நிலவில் ஒரு களங்கம்

பிராங்க்ளினிடம் குறையே இல்லையா? உண்டு.

அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அடிமைகளை விற்கும் விளம்பரங்கள் அவர் பத்திரிகையில் வெளிவந்தன. அதில் அவருக்குப் பணமும் வந்தது. ஊரார் எல்லோருக்கும் நூலகமும் ஆஸ்பத்திரியும் வேண்டும் என்றவர், அதே ஊரில் மனிதரை மனிதர் விற்பதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்கும் அவர் குறை வைத்தார். நாட்டு வேலையாக 1764-ல் லண்டன் போனவர், பத்து ஆண்டுகள் வீடு திரும்பவில்லை. 1774 டிசம்பரில் டெபோரா அவரைக் காணாமலே கண்ணை மூடினாள்.

அடிமை விஷயத்தில் முதுமையில் மனம் மாறினார். 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்ற மனுவில் கையெழுத்திட்டு, 1790 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். அந்த மனு ஏற்கப்படவில்லை. அதன்பின் இரண்டே மாதங்கள்தான் அவர் உயிரோடு இருந்தார்.

இருநூறு ஆண்டுக் கடன்

பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்தது, இடிதாங்கி கண்டது, 1776-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டது எல்லாம் உலகம் அறிந்த கதை.

1790-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, 84-வது வயதில், பிலடெல்பியாவில் பிராங்க்ளின் காலமானார். இறுதி ஊர்வலத்தைக் காண சுமார் 20,000 பேர் திரண்டார்கள்.

அவருடைய உயிலில் ஓர் ஏற்பாடு இருந்தது. பிறந்த ஊரான பாஸ்டனுக்கு 1,000 பவுண்டு. வாழ்ந்த ஊரான பிலடெல்பியாவுக்கு 1,000 பவுண்டு.  தொழில் பழகி முடித்த, 25 வயதுக்கு உட்பட்ட, மணமான இளைஞர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க வேண்டும். அவர்கள் திருப்பித் தரும் பணத்தை அடுத்த இளைஞனுக்குக் கொடுக்க வேண்டும். இப்படியே 200 ஆண்டுகள்!

ஏன் இந்த ஏற்பாடு? அதையும் உயிலிலேயே சொன்னார். தாம் தொழில் தொடங்கியபோது நண்பர்கள் இருவர் கொடுத்த கடன்தான் தம் செல்வத்துக்கு அடிப்படை என்றார்.

1990-ல் 200 ஆண்டுகள் முடிந்தன. அப்போது பிலடெல்பியாவின் நிதி 20 லட்சம் டாலருக்கு மேல் வளர்ந்திருந்தது. பாஸ்டனின் நிதி அதைவிடவும் அதிகம்.

பிலடெல்பியாவில் அவருடைய கல்லறை இருக்கிறது. அருகிலேயே மனைவி டெபோராவும், நான்கு வயதில் போன மகன் பிரான்சிசும் துயில்கிறார்கள். கல்லறையின் மேல் பெரிய புகழுரை ஏதும் இல்லை. தம்பதியின் பெயரும், 1790 என்ற ஆண்டும் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அங்கே வருகிறவர்கள் அந்தக் கல்லின் மேல் ஒரு சென்ட் காசைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். மூன்று பென்னி ரொட்டியோடு வந்து, ஊராரின் சில்லறைக் காசைச் சேர்த்தே ஒரு நகரை உருவாக்கிக் காட்டியவருக்கு, ஊரார் இன்றும் செலுத்திவரும் காணிக்கை அதுதான்.